கடலோரத்தில் நிற்கும் வெசல் வண்டியை நாமே அழகுபடுத்துவது: எதுவரை வீட்டில் செய்யலாம்?

நாவலடி வெசல்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் ஒன்று இருக்கிறது, முத்து வெள்ளை நிறம். எஞ்சின், கியர், பற்றரி எல்லாம் நல்ல நிலை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இதையே வைத்து ஓடுவோம் என்று முடிவெடுத்தேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள், ஆனால் விலையைப் பார்த்தபின் மாற்றும் எண்ணமே வரவில்லை. ஆகவே இருக்கும் வண்டியை ஆசையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். பத்து வருட உப்புக் காற்று வண்டியில் தெரிகிறது. ஹெட் லைட் மஞ்சளித்துவிட்டது. கீழ்ப்பக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. அலோய் ரிம்மில் வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ ஊர்ந்துகொண்டு போகிறது. முன் கிரில்லின் குரோம் பட்டையைக் கறுப்பாக்க விருப்பம், கூரையையும் கறுப்பாக்கினால் இரட்டை நிறமாக நன்றாக இருக்கும் என்று மகன் சொல்கிறான். சனி, ஞாயிறில் நானும் அவனும் சேர்ந்து செய்யலாம் என்று இருக்கிறோம். கராஜில் கொடுத்துவிட்டு வருவதில் எனக்கு ஆசை இல்லை, கையால் செய்ய வேண்டும். எதை நாமே செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

காத்தான்குடிப் பெயின்டர்

தம்பி, நல்ல கேள்வி. நான் ரிங்கர் (நெளிந்த தகட்டை நிமிர்த்துவது), பெயின்ட் வேலை செய்கிறவன். வீட்டில் செய்ய வேண்டாம் என்று சொல்லமாட்டேன், செய்யலாம். ஆனால் ஒழுங்கு ஒன்று இருக்கிறது.

நிறத்தைப் பற்றி யோசிக்க முன் கறளைத் தேடுங்கள். கதவுகளைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். பின் கதவின் நம்பர் பிளேட் விளக்கைச் சுற்றி, சில்லு வளைவின் உள் மடிப்பு, பொனெட்டின் முன் விளிம்பு, கூரையின் இரண்டு பக்க ரப்பர் பட்டைக்குக் கீழே. எங்கேயாவது பெயின்ட் கொப்பளித்திருந்தால் அது பெரும்பாலும் மேலிருந்து தொடங்கியது அல்ல, உள்ளிருந்து வந்தது. அதன்மேல் ஸ்ரிக்கர் ஒட்டினாலும் பெயின்ட் அடித்தாலும் கறள் நிற்காது. ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியே தெரியாமல் தகடு ஓட்டையாகும். கரையோர வண்டிகளில் நான் பார்க்கிற பெரிய அழிவு இதுதான். மேலே பளபளவென்று இருக்கும், ரப்பரைக் கழற்றினால் உள்ளே தூளாகக் கொட்டும்.

சின்னப் புள்ளியாக இருந்தால் வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, கறள் மாற்றும் திரவம் பூசி, காய்ந்தபின் எபொக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதன்மேல் கிளியர் என்ற நிறமில்லாத மேல் பூச்சு. நகத்தளவுக்கு மேல் பரவியிருந்தால் கராஜுக்குக் கொண்டுபோங்கள். கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும், அவற்றைப் பெயின்டாலோ சிலிக்கோனாலோ அடைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது.

இன்னொன்று, நிறம். முத்து வெள்ளை மூன்று அடுக்கு. அடியில் வெள்ளை, நடுவில் முத்துப் பூச்சு, மேலே கிளியர். நடு அடுக்கு ஒரு தடவை கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் நிறக் குறியீடு இருக்கும், என்எச்-788பி என்று இருந்தால் அது வைட் ஓர்கிட் பேர்ல். அந்தக் குறியீட்டைச் சொல்லி டின் ஸ்ப்ரே வாங்கினாலும் பத்து வருட வெயில் பட்ட உங்கள் கதவோடு பொருந்தும் என்று நம்பாதீர்கள். கல் தெறித்த புள்ளிக்குத் தூரிகையால் தொட்டு வைப்பதற்கு அது போதும். ஒரு கதவு முழுக்க வீட்டில் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம்.

அறுகம்பை விட்டாரா

பெயின்டர் நாநா சொல்வது பெயின்டுக்குச் சரி. ஆனால் வீட்டில் செய்கிறவர்களுக்கு இப்போது கழற்றக்கூடிய பூச்சுகள் இருக்கின்றன. என் கிராண்ட் விட்டாராவின் கிரில், பக்கக் கண்ணாடி மூடி, பின் பட்டை எல்லாம் பிளாஸ்டி டிப். ரப்பர் போன்ற பூச்சு, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். குரோமில் சாதாரணப் பெயின்ட் பிடிக்காது, இது பிடிக்கும். கழுவி, மெழுகு போகும்படி ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, முதல் தடவை தூறல் போட்டமாதிரி மெல்லியதாக அடிக்க வேண்டும், அடியில் குரோம் தெரிந்தால் பரவாயில்லை. பிறகு நாலைந்து தடவை ஈரமாக. தடிப்பாக அடித்தால்தான் பிற்காலத்தில் ஒரே துண்டாக உரியும். மெல்லியதாக அடித்துவிட்டால் உரிக்கும்போது துணுக்குத் துணுக்காகக் கிழியும், அது பெரிய வதை. மாஸ்கிங் டேப்பைக் கடைசித் தடவை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், காயவிட்டால் ஓரம் கூடவே எழும்பும்.

பெற்றோல் மூடிப் பக்கம் மட்டும் அடிக்க வேண்டாம், பெற்றோல் பட்டால் இளகிவிடும்.

கல்முனைக் காப்புறுதி

கிரில் பற்றி ஒரு எச்சரிக்கை. டொயோட்டா சி-எச்ஆர் போன்ற வண்டிகளில் முன் இலச்சினைக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. அந்த இலச்சினைமேல் ஸ்ப்ரே, ஸ்ரிக்கர் எதுவும் வேண்டாம், குறிப்பாக உலோகத் துகள் கலந்த பெயின்ட். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி பிழைத்துவிடும். வெசல் வைத்திருப்பவரும் தன் வண்டியின் கையேட்டில் உணரிகள் எங்கே என்று பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். முன் கண்ணாடியின் மேற்பகுதியில், பின்புறம் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியின் முன்னாலும் எதையும் ஒட்டக் கூடாது.

கூரையைக் கறுப்பாக்குவது தனிக் கதை. பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. வண்டியின் நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துச் சான்றிதழைத் திருத்த வேண்டும். ஸ்ரிக்கர்தானே, பெயின்ட் இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். வீதியில் மறிக்கிற பொலிசார் பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைத்தான். விபத்து நடந்து இழப்பீட்டுக்கு வரும்போது சான்றிதழில் ஒரு நிறம், படத்தில் இன்னொரு நிறம் என்றால் கேள்விகள் வரும், பணம் இழுபடும். கூரை மட்டும் என்றாலும் வேலை தொடங்க முன் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

2025 ஜனவரியில் அரசாங்கத்தின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பஸ், ஆட்டோக்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜீப்காரர்களுக்கும் அதில் செய்தி இருக்கிறது. அதிக வெளிச்ச விளக்கு, புல் பார், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவானாலும் முதலில் சட்டத்தைப் பாருங்கள்.

செங்கலடி ரீச்சர்

ஹெட் லைட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறேன், எங்கள் வீட்டு வண்டியின் விளக்குகளை நானே செய்து வருகிறேன்.

அது கண்ணாடி அல்ல, பொலிகாபனேற்று. அந்தப் பிளாஸ்டிக் புறஊதாக் கதிரைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையில் மேலே ஒரு கடினமான காப்புப் பூச்சு போடுகிறார்கள். மஞ்சளாகத் தெரிவது முதலில் அந்தப் பூச்சு சிதைவது, பிறகு பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே ஒட்சியேறுவது. ஆகவே வேலை இரண்டு பகுதி. சிதைந்ததை எடுப்பது, புதிய காப்பைப் போடுவது. எல்லோரும் முதலாவதைச் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பற்பசையால் தேய்த்துப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் சில மாதம் கழித்து அதே விளக்கைப் படம் பிடித்துப் போடுவதில்லை. பற்பசை மென்மையாகத் தேய்த்தெடுக்கும் பொருள், அவ்வளவுதான். இருந்த கொஞ்சக் காப்பையும் எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக்கை எங்கள் வெயிலில் நிற்கவிடுகிறது.

நுளம்புத் தெளிப்பானால் துடைத்தால் உடனே தெளிகிறது என்று ஒரு காணொளி சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற நுளம்பு விரட்டும் பொருள் பொலிகாபனேற்றைக் கரைக்கிறது, மேற்பரப்பு இளகி மட்டமாவதால் தெளிந்தமாதிரி இருக்கும், பிறகு நுண்ணிய வெடிப்புகள் வரும். தின்னரும் அசற்றோனும் அப்படித்தான்.

சரியான முறை இது. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீரோடு 1000 இலக்கத் தண்ணிப் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) தொடங்குங்கள், மஞ்சள் கடுமையாக இருந்தால் 800. ஒரு திசையில் தேய்த்து, அடுத்த இலக்கத்தை அதற்குக் குறுக்குத் திசையில் தேயுங்கள். முந்திய கோடுகள் முழுக்க மறைந்ததா என்று அப்போது தெரியும். 1500, 2000, 3000 என்று போக வேண்டும். முதலாவது பேப்பரில் வடியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், அது வெள்ளையாக மாறும்வரை அடுத்ததுக்குப் போக வேண்டாம். பொறுமை எல்லாம் அந்த முதல் பேப்பரில்தான் வேண்டும். பிறகு அற்ககோலால் துடைத்து, புறஊதாக் காப்புள்ள கிளியர் ஸ்ப்ரேயை மெல்லிய தடவைகளாக அடியுங்கள். அந்தக் கிளியர் இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

விளக்கு தெளிவாவது அழகுக்கு மட்டும் இல்லை. இரவில் மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், எந்த வளைவில் யானை நிற்கும் என்று சொல்ல முடியாது.

படுவான்கரை ஓட்டம்

ரீச்சர், முதல் பேப்பர் பற்றிச் சொன்னது பொன்னான வார்த்தை.

கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு என் அனுபவம். நான் ஓடுவது கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே கிறவல் வீதிகளில். அறுவடைக் காலத்தில் தூசி, மாரியில் சேறு. சில்லு வளைவில் கல் பட்டுப் பட்டுப் பிளாஸ்டிக் வெளிறிவிடும். கடையில் விற்கும் எண்ணெய்ப் பசையான மினுக்கிகள் முதல் மழையோடு வழிந்து கதவில் கோடு கோடாக இறங்கும், அதன்மேல் தூசி ஒட்டும். ஹீட் கன்னால் சூடாக்கினால் கறுப்பு திரும்பி வருகிறது, பார்க்க அதிசயமாக இருக்கும், ஆனால் உள்ளே இருந்த எண்ணெய்த் தன்மை மேலே வருவதுதான் அது. கொஞ்சக் காலத்தில் மறுபடி வெளிறும். திரும்பத் திரும்பச் செய்தால் பிளாஸ்டிக் வறண்டுபோகும். பக்கத்துப் பெயின்டும் பொசுங்கும்.

நிலைத்தது பிளாஸ்டிக்குக்கான செராமிக் பூச்சு. நன்றாகக் கழுவி, தூரிகையால் துவாரங்களில் இருக்கும் பழைய மினுக்கியை எடுத்து, அற்ககோலால் துடைத்து, நிழலில் பூச வேண்டும். அன்று முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. பெயின்ட் அடிக்க விரும்பினால் பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தைப் பாருங்கள், பிபி என்று அச்சிட்டிருக்கும். பொலிபுரோப்பிலீன். அதில் ஒட்டுப் பிரைமர் இல்லாமல் எதுவும் பிடிக்காது, நகத்தால் சுரண்டினாலே உரியும்.

என் ஆசை முழுக்க ரப்டர் என்ற கடினமான பூச்சு அடிப்பது. கீழ்ப்பகுதி எல்லாம் சொரசொரப்பான கறுப்பு. கல் பட்டாலும் கவலை இல்லை. வீட்டிலேயே அடிக்கலாம் என்று கேள்விப்பட்டேன்.

காத்தான்குடிப் பெயின்டர்

இதைத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

ரப்டர், இரண்டு பொருள் கலக்கிற கிளியர், இரண்டு பொருள் கலக்கிற நிறம், எதுவானாலும் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது அது மூச்சோடு உள்ளே போகும். மணம் தெரியாத அளவிலேயே சுவாசப்பையைப் பாதிக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும், வாழ்நாள் முழுக்க. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தவர். கடைசிக் காலத்தில் அவரால் பள்ளிவாசல் படி ஏற முடியவில்லை. கொரோனாவுக்குப் போட்ட துணி முகக்கவசம் இதற்கு ஒன்றுமே இல்லை. கரிம வாயு வடிகட்டி உள்ள கவசம், கண் மூடி, கையுறை, காற்றோட்டமான இடம், பக்கத்தில் யாரும் இல்லாமை, இவ்வளவும் வேண்டும். வெளியிலிருந்து காற்று கொண்டுவரும் கவசம் இன்னும் நல்லது. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்டிகோவில் அடிக்கிற வேலை இது இல்லை. நாவலடித் தம்பி, உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஒரு பொருள் டின் ஸ்ப்ரேயோடு நில்லுங்கள். அதற்கும் வடிகட்டிக் கவசம் போடுங்கள்.

நேரம் பற்றியும் சொல்கிறேன். மாரியில் காற்றில் ஈரம் அதிகம், ஸ்ப்ரே காயும்போது ஈரம் படிந்து பூச்சு வெண்மை பாய்ந்து மங்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் காற்றும் மணலும், ஈரமான பூச்சில் ஒரு மணல் விழுந்தாலே போதும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் தகட்டைச் சுட முன் அடியுங்கள். தகட்டில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

அறுகம்பை விட்டாரா

நாநா, ரப்டர் விடயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கூரைக்கு வினைல் என்ற ஸ்ரிக்கர்த் தாள் ஒட்டுவதில் ஆபத்து இல்லையே. கூரை கிட்டத்தட்டத் தட்டையானது, தொடக்கக்காரருக்கு ஏற்ற இடம்.

காத்தான்குடிப் பெயின்டர்

கூரை தட்டை, ஓம். ஆனால் ஓரத்தில் வெட்டுவது கத்தியால். கிளியர் 40, 50 மைக்ரோன் தடிப்புத்தான், தலைமயிரைவிட மெல்லியது. கை ஒரு துளி அழுத்தினால் பெயின்ட் வெட்டுப்படும், அந்தக் கோட்டில் இரண்டு மாரிக்குள் கறள் வரும். காசு வாங்கிக்கொண்டு ஒட்டுகிற ஓர் இடத்திலிருந்து வந்த வண்டியில் கதவு ஓரம் முழுக்க அப்படி வெட்டியிருந்ததை வினைலை உரித்தபோது பார்த்தேன். உரிமையாளர் அழாத குறை.

அறுகம்பை விட்டாரா

அதற்கு நூல் வைத்த நாடா இருக்கிறது. ஓரத்தில் முதலில் அந்த நாடாவை ஒட்டி, மேலே வினைலை விரித்து, நூலை இழுத்தால் அது வெட்டிக்கொண்டு வரும். கத்தி தகட்டில் படாது. வார்ப்பு வினைல்தான் வாங்க வேண்டும், 3எம் 2080 போன்றது. உருளையில் அழுத்திச் செய்யும் மலிவான வினைல் எங்கள் வெயிலில் சுருங்கி ஓரம் எழும்பும், பசை தகட்டிலேயே தங்கிவிடும். ஒட்டி முடிந்ததும் இழுபட்ட இடங்களையும் ஓரங்களையும் 90 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும், அப்போதுதான் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலாது. வெப்பமானி இல்லாமல் ஊகித்துச் செய்யக் கூடாது.

காத்தான்குடிப் பெயின்டர்

நாடா விடயம் நல்லது, அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் என் நிபந்தனை ஒன்று மட்டும். கூரையில் மறு பெயின்ட் அடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பெயின்ட் வினைலை உரிக்கும்போது தாங்கும். கராஜில் அடித்தது கூடவே உரிந்து வரலாம்.

செங்கலடி ரீச்சர்

கறுப்புக் கூரை வெயிலில் வெள்ளைக் கூரையைவிட நிச்சயம் அதிகம் சூடாகும். மட்டக்களப்பில் மே, ஜூன் மாதங்களில் சிறு பிள்ளைகளோடு ஓடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். நான் என்றால் கூரையை விட்டுவிட்டுப் பக்கக் கண்ணாடி மூடிகளைக் கறுப்பாக்கி நிறுத்திக்கொள்வேன்.

நாவலடி வெசல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரீச்சரின் காரணம் வீட்டில் உடனே எடுபட்டது, கூரையை விட்டுவிட்டோம். சான்றிதழ்த் திருத்தமும் தேவையில்லை.

ஹெட் லைட் முடிந்தது. முதல் பேப்பரில்தான் நேரம் போனது, மகன் வடியும் தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரவில் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. கிரில்லைக் கழற்றி வைத்துப் பிளாஸ்டி டிப் அடித்தோம், இலச்சினையைத் தொடவில்லை. பின் கதவில் நம்பர் விளக்குக்குக் கீழே ஒரு கொப்பளம் இருந்தது, நாநா சொல்லியிருக்காவிட்டால் பார்த்திருக்கமாட்டேன். நகத்தளவைவிடக் கொஞ்சம் பெரிது.

இப்போது ரிம்தான் மிச்சம். கழுவுவதற்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், அதுவும் காரணமா?

காத்தான்குடிப் பெயின்டர்

கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் அங்கே வருகிறதுதானே. அலசியதும் துணியால் ஒற்றி எடுங்கள், தானாகக் காயவிட்டால் உப்பு அங்கேயே தங்கும். கடற்கரைக்குப் போய்வந்த நாளில் சில்லு வளைவின் உள்ளேயும் அடிப்பக்கத்திலும் தண்ணீர் அடியுங்கள்.

ரிம்மில் ஊர்ந்து போவது அலுமினியத்தின் அரிப்பு. வார்னிஷில் கல் பட்ட இடத்தால் உப்பு உள்ளே போய் அடியால் பரவுகிறது. மேலே பெயின்ட் அடித்து மூட வேண்டாம். வெள்ளைக் கோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் சுரண்டி, வெறும் உலோகத்தில் எச்சிங் பிரைமர் (உலோகத்தை அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு), பிறகு ரிம் பெயின்ட், கிளியர். ரயரின் ஓரத்தில் பழைய விளையாட்டுச் சீட்டுகளைச் சுற்றிச் செருகினால் ரயரில் பெயின்ட் படாது.

இதைக் கவனமாகக் கேளுங்கள். ரிம்மின் பின்பக்கம் ஹப்போடு (சில்லைத் தாங்கும் மையப் பகுதி) ஒட்டுகிற முகத்திலும், நட்டு அமர்கிற குழிகளிலும் பெயின்ட் படக் கூடாது, டேப்பால் மூடிவிடுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, இறுக்கம் தளர்ந்து, நட்டு கழரும். வெசலுக்கு நட்டு இறுக்கம் 108 நியூட்டன் மீற்றர். முறுக்கு அளவிடும் சாவியால் நட்சத்திர ஒழுங்கில் இறுக்கி, 50, 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சில்லு மட்டும் கழற்றுங்கள். ஜாக்கில் மட்டும் நிற்கவைத்து வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும்.

பின் கதவின் கொப்பளத்தை நீங்கள் தொட வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மூன்று மணிக்கு மேல் கொண்டுவாருங்கள். மகனும் வரட்டும், எப்படிச் சுரண்டி எடுப்பது என்று காட்டுகிறேன்.